ஆறு எண்ணினால் பைலா வராது

வைகாசி பிறந்துவிட்டால் கிளிநொச்சியில் இசைக்குழுக்காரருக்கு நித்திரை இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் பக்திப் பாட்டு, ஞாயிறு கல்யாண வரவேற்பில் பழைய சினிமாப் பாட்டு. அங்கே பத்து மணிக்குப் பிறகு யாராவது ஒரு பெரியவர் மேடையடிக்கு வந்து, "தம்பியவை, ஒரு பைலா போடுங்கோவன்" என்பார்.

என் மருமகள் மருதனார்மடத்தில் சங்கீதம் படிக்கிறாள். 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இடம் அது. வார இறுதியில் வீட்டுக்கு வந்து ஊர்ப் பிள்ளைகளோடு கீபோட் வாசிப்பாள். படிப்பில் கர்நாடக சங்கீதம் மட்டும். மேடையில் எல்லாம் வேண்டும். பக்திப் பாட்டில் தோடி வந்தால் கீபோட் கைவிட்டுவிடும். கமகத்துக்கு அதன் கட்டைகளுக்கு நடுவே இடமில்லை, சுருதியை வளைக்கிற சில்லை உருட்டி ஒருவிதமாகச் சமாளிக்கிறாள். அது பெரிய சிக்கலில்லை. பைலாதான் சிக்கல்.

ஒக்ரபாட் வாசிக்கிற பெடியன் மிருதங்கம் படித்தவன். ஆறு எண்ணிக்கை என்றதும் அவனுக்குத் திஸ்ரம். தகிட தகிட என்று அச்சொட்டாக அடித்தான், ஒரு பிழை இல்லை. ஆனால் ஒத்திகை பார்க்க வந்த ஒருவருக்கும் கால் அசையவில்லை. பைலாவில் அந்த ஆறு ஒரு பக்கம் மூன்று மூன்றாகவும் மறுபக்கம் இரண்டு இரண்டாகவும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. இரண்டும் இழுபடுகிற இடத்தில்தான் இடுப்பு அசையும். போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்து பிறந்தது அது. அந்த மக்களின் வழிவந்தவர்கள் புத்தளத்தில் இன்றும் பாடுகிறார்கள். சுராங்கனி பாடிய ஏ. ஈ. மனோகரன் அதைத் தமிழ் வீடுகளுக்குள் கூட்டிவந்தார். பெடியன் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, இடக்கையை வலக்கையிடமிருந்து பிரிக்க ஒரு மாதம் எடுத்தான். படித்த கையை மறக்கச் செய்வதுதான் கடினம்.

பல பாணி இந்த ஊருக்குப் புதிதில்லை. கிளிநொச்சியில் வாழ்ந்து 2017இல் மறைந்த எஸ். ஜி. சாந்தன் இசை நாடகமும் நடித்தார், பக்திப் பாட்டும் பாடினார், இசைக்குழு மேடையிலும் நின்றார். குரல் ஒன்றுதான், ஆனால் மேடைக்கு மேடை பாடும் விதம் வேறு.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். வருகிற கலைவிழாவுக்கு எங்கள் பிள்ளைகள் எல்லாப் பாணியும் கலந்த உருப்படி ஒன்று தயாரித்திருக்கிறார்கள். நடுவில் "நாட்டார் இசை" என்று அரை நிமிடம். கேட்டால், கீபோட்டுக்குள் ஏற்கெனவே பதிந்து வருகிற தாளம். பஞ்சாபிக் கல்யாணத்தில் அடிக்கிற டோல்! முல்லைத்தீவில் கோவலன் கூத்தும் கிளிநொச்சியில் காத்தவராயன் சிந்துநடையும் இருக்க, பண்டிப் பள்ளும் அரிவுச் சிந்தும் இருக்க, இலையோரத்து ஊறுகாய் மாதிரி இதை வைப்பதா? பைலாவுக்கு ஒரு மாதம் கொடுத்த பிள்ளைகள் கூத்துக்கு ஒரு பின்னேரம்கூடக் கொடுக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்கென்று பள்ளிக்கூடத்தில் கூத்துப் பழகுவார்கள், கேடயம் வாங்கியதும் மத்தளம் அலுமாரிக்கு மேலே போய்விடும்.

"அண்ணாவியார் ஒருவரிட்டப் போய் இருங்கோ பிள்ளை" என்றேன்.

"உது சோதினைக்கு வராது மாமா" என்றாள். ஆனாலும் போனாள். முள்ளியவளையில், கோவலன் கூத்துப் பழக்குகிற ஒருவரிடம்.

போன இடத்தில் முதல் அடி மெற்றோனோமுக்குத்தான். கைப்பேசியில் அதைத் தட்டவிட்டுக்கொண்டு கூத்துப் பாட்டான தருவைப் பதிவுசெய்யப் பார்த்திருக்கிறாள், நாலு வரிக்குள் பாட்டு எங்கோ போய்விட்டது. கூத்தில் ஆடுகிறவனின் கால் முடியும்வரை பாட்டு நீளும். மத்தளக்காரரின் கண் அந்தக் காலில் இருக்கும், சல்லரி அவருக்குப் பின்னால் போகும். திரும்பி வந்தவள் அந்தப் பகுதிக்கு டிக் டிக்கை நிறுத்திவிட்டாள். கீபோட் இப்போது சுருதி மட்டும் பிடிக்கிறது. ஒக்ரபாட் பெடியன் சும்மா நிற்கிறான். ஆடுகிறவனின் காலைப் பார் என்று அவனுக்கு உத்தரவு.

அண்ணாவியாரும் மேடைக்கு வரச் சம்மதித்திருக்கிறார். முழு உருப்படிக்கும் விழாக்காரர் தந்திருப்பது எட்டு நிமிடம். அதைச் சொன்னதும், "எட்டு நிமிசத்தில கோவலன்ர வரவே முடியாது பிள்ளை" என்றாராம். இப்போது பைலாவை வெட்டுவதா, சினிமாப் பாட்டை வெட்டுவதா என்று எங்கள் விறாந்தையில் சண்டை நடக்கிறது. பைலாவில் கை வைக்கக் கூடாதென்று பெடியன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒரு மாதம் பாடுபட்டவன், அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது.