மூட்டையும் மனிதரும் ஒன்றா?

புளியரை சோதனைச் சாவடியில் லாரித் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னபோதெல்லாம் அவிழ்த்துக் காட்டிய வியாபாரிகள் நாம். சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூட்டை வேறு, மனிதரின் கால் வேறு.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தினால் ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறியவர். விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் பிரதமருக்கே முறையிட்டார். மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது.

அவர் நாடறிந்தவர், கேட்டார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனைப் பார்க்கத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறும் நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சி முறையிட்டால் யார் கேட்பார்? முழங்காலில் உலோக மூட்டு வைத்தவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. சோதனை வாசலில் நுழைந்ததும் மணி அடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள் கடத்தல்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

வெடிமருந்துத் துகளைத் துடைத்தெடுத்துக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. திரை மறைவில் ஒரு நாற்காலி போட்டு அதைக் கொண்டே சோதிக்கலாம். மூத்த குடிமக்களுக்கு ஓர் அட்டை கொடுங்கள் என்றும் சுதா சந்திரன் கேட்டார். போலி அட்டை வரும் என்பார்கள். கள்ளநோட்டு வருகிறது என்று நாம் கல்லாவை மூடிவிடுகிறோமா?

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பிவைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.