சாண்டா ரயில்

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனில் பழைய நீராவி ரயில்கள் பல 'சாண்டா ஸ்பெஷல்' ஆகிவிடும். கிறிஸ்துமஸ் தாத்தா பெட்டி பெட்டியாக வந்து குழந்தைகளுக்குப் பரிசு கொடுப்பார்.

அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அதில் போனார். தாத்தாவிடம் பாடிக் காட்டுவதற்கென்றே அவருடைய ஐந்து வயது மகள் ஒரு பாட்டை நெட்டுருப் போட்டிருந்தாள். தாத்தா வந்தார், பொட்டலத்தை மடியில் வைத்தார், அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரே இருட்டு. ரயில் போன வழியே திரும்பியது. வீடு சேரும்வரை குழந்தை பேசவில்லையாம்.

இத்தகைய ரயில்களில் பலவற்றில் வேலை செய்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேல்ஸில் மூடப்பட இருந்த டாலிலின் ரயில் பாதையை 1951-ல் தொண்டர்களே ஏற்று நடத்தினார்கள். உலகில் அதுவே முதல் முறை. நிலக்கரி வாங்க வேண்டும், கொதிகலனைப் பழுது பார்க்க வேண்டும். டிசம்பர் வசூல் அவர்களுக்குப் பெரிய ஆதாரம். ஆகவே கட்டணத்தை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் இத்தனை குழந்தைகளுக்கும் ஒரே தாத்தாவா? இன்னொருவருக்கும் தாடி கட்டி, ரயிலின் மறு கோடியிலிருந்து அனுப்பலாமே! இருவரும் நடுவில் சந்தித்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.