பூட்டு உடையும் முன்

குவாண்டம் கணினி என்றதும் நம் ஊடகங்கள் புதிய மருந்து, புதிய பேட்டரி என்று கனவுப் பட்டியல் வாசிக்கத் தொடங்கிவிடுகின்றன. வரட்டும், நல்லதுதான். எனக்குக் கவலை பூட்டைப் பற்றி. போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி கிடைத்தால் பெரிய எண்களை விரைவாகப் பகாக் காரணிகளாக உடைத்துவிடலாம் என்று 1994இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டினார். இணையம் நம்பியிருக்கும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்கப் பூட்டு, அந்த வேலை கடினம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் தொங்குகிறது. அப்படியொரு கணினி இன்னும் வரவில்லையே என்பார்கள். ஆனால் தரவு இருக்கும் பூட்டிய பெட்டியை இன்றே தூக்கிப் போய், சாவி கிடைக்கும் நாள்வரை பரணில் போட்டு வைக்கலாமே! ஓடிபி போனால் போகட்டும், நாளைக்கு அது பழசு. ஒருவரின் மருத்துவக் குறிப்பும் கைரேகையும் முப்பது ஆண்டு கழித்தும் அவருடையவைதானே? மாற்றுப் பூட்டு இல்லாமல் இல்லை. குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மூன்று குறியாக்கத் தரங்களை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. இந்தியாவும் 2023இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆய்வுக்கு அது வேண்டியதுதான். ஆனால் மாவட்ட மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, பத்திரப்பதிவு அலுவலகம் இவற்றின் பழைய மென்பொருளில் எந்தப் பூட்டு எங்கே தொங்குகிறது என்று கணக்கெடுப்பது யார் வேலை? அதற்கு இயற்பியல் மேதை தேவையில்லை. பொறுமையாக உட்கார்ந்து பட்டியல் எழுத நாலு பேரும், அடுத்த டெண்டரில் ஒரு வரியும் போதும்.