ஆன்ட்டி 'புரோ'ன்னா புரோதான்

பார்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு ரெண்டு படம்தான் மனசுல ஓடும். ஒண்ணு, டாஸ்மாக் பக்கத்துல தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் கப், தண்ணி பாக்கெட். இன்னொண்ணு, சினிமா வில்லன் உட்கார்ந்திருக்கிற இருட்டு ஹோட்டல். ரெண்டுலயும் ஒரு குடும்பத்தைக் கற்பனை பண்ண முடியாது. கோவாவுல பதினாறு வருஷம் குப்பை கொட்டினவன்கிற முறையில, மூணாவதா ஒரு படம் இருக்குன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: இது குடிக்கு வக்காலத்து இல்லை. படிச்சுட்டு அடிக்க வராதீங்க மக்களே :-)

1999ல வேலை விஷயமா வாஸ்கோ போய்ச் சேர்ந்தேன். குடியிருந்த தெருமுனையில ஒரு வீடு. முன் ரூம்ல பார், பின்னாடி குடும்பம், நடுவுல ஒரு பூப்போட்ட திரைச்சீலை. அவ்வளவுதான் எல்லை. நாலு மேஜை, சுவத்துல ஏசுநாதர் படம், அதுக்குக் கீழே ராப்பகலா எரியற குட்டி சிவப்பு பல்பு. மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்திட்டு எல்லாரும் தூங்கப் போயிடுவாங்க. நாலு மணி வரைக்கும் யார் தட்டினாலும் திறக்காது. கோவாவுல இந்த மாதிரி குடும்ப பார்கள் ஊருக்கு ஊர் உண்டு, தவேர்னான்னு சொல்லுவாங்க.

கவுன்டர்ல ஆன்ட்டி. அங்கிள் கப்பல்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அந்தக் காசுலதான் வீடும் பாரும். ஆனா அவர் கவுன்டர் பக்கமே வரமாட்டார், டிவியில ஃபுட்பால் பார்க்கறதோட சரி. அடுப்படியில அங்கிளோட தங்கச்சி. சிவப்பு மசாலாவை அடைச்சு பாங்டா மீனை வறுத்தாங்கன்னா தெருவே மணக்கும். (பாங்டாங்கறது வேற ஒண்ணுமில்லை, நம்ம அயிலைதான்.) கடைசி மேஜையில ஆன்ட்டியோட பொண்ணும் பையனும் ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருப்பாங்க. குடிக்க வந்த பார்ஜ் தொழிலாளி ஒருத்தர் பையனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு கேட்பார். தப்பா சொன்னா தலையில குட்டு வேற!

மார்ச் பிறந்துட்டா முந்திரிப் பழ சீசன். பழச்சாறைப் புளிக்க வச்சு முதல் தடவை வடிச்சா உர்ராக், அதையே திரும்ப வடிச்சா ஃபெனி. உர்ராக் சீசனோட முடிஞ்சு போற சரக்கு. லிம்கா ஊத்தி, உப்புப் போட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக் கொடுப்பாங்க. முந்திரி ஃபெனிக்கு 2009ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. நாம கள்ளை 1987லயே மூடிட்டோம்.

இனி விஷயத்துக்கு வர்றேன். ஆன்ட்டிக்கு ஒரு வார்த்தை உண்டு, 'புரோ'. கொங்கணியில போதும்னு அர்த்தம். மூணாவது கிளாஸுக்கு மேல கை நீட்டினா புரோ. குரலை உசத்தினா புரோ. அவங்க சொன்னா எவ்வளவு பெரிய ஆளும் எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுவார். ஏன்னா மறுநாள் காலையில சர்ச்சுல, மீன் மார்க்கெட்டுல அவரோட பெண்டாட்டியும் ஆன்ட்டியும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. சம்பள நாள்ல சில பேர் உள்ளே வந்ததும் பாதிப் பணத்தை ஆன்ட்டிகிட்ட கொடுத்துடுவாங்க, அது சாயங்காலமே அவங்க வீட்டுக்குப் போயிடும்.

நம்மூர்ல 2003லேர்ந்து சில்லறை விற்பனையை அரசாங்கமே டாஸ்மாக் மூலமா நடத்துது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஊழியரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வாங்கறவர் யாருன்னு தெரியாது, தெரிஞ்சாலும் புரோ சொல்ல முடியாது. மதுவிலக்கா, மதுவான்னு அம்பது வருஷமா சண்டை போடறோம். கவுன்டருக்குப் பின்னாடி யார் நிக்கணும்னு யாராவது பேசினோமா? விக்கிறவங்களுக்குக் குடிக்கிறவனோட வீடு தெரிஞ்சிருக்கணும்ங்கறது என் கட்சி.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு, மறைக்கலை. ஒருத்தருக்கு ஆன்ட்டி மொத்தமா நிறுத்திட்டாங்க. அவர் ரெண்டு தெரு தள்ளி வேற கடைக்குப் போனார். அம்பது வயசுல செத்துப் போனார். சாவுக்குப் போயிட்டு வந்து ஆன்ட்டி ஒரு வாரம் கடை திறக்கலை.

எங்கம்மா திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து முதல் தடவை வந்தப்போ, 'வீட்டுக்குள்ளயேவா சாராயக்கடை?'ன்னு வாயில கை வச்சுட்டாங்க. மூணாம் நாள் ஆன்ட்டியோட மாமியார் கூட திண்ணையில உட்கார்ந்து தேங்காய் விலை பேசிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் பொது பாஷை கிடையாது! அவங்க கொடுத்த சன்னாவை, நம்ம இட்லி மாதிரியே இருக்கும், நாலு சாப்பிட்டுட்டு, 'என்ன மாவுடா இது, பஞ்சு மாதிரி இருக்கு'ன்னு கேட்டாங்க. தென்னங்கள்ளு ஊத்திப் புளிக்க வைக்கிறதுன்னு நானும் சொல்லலை, என் வீட்டுக்காரியும் சொல்லலை. பனைமரத்துக்கு நடுவுல வளர்ந்தவங்களுக்கு வாசனையிலயே தெரிஞ்சிருக்கும்னு இப்பவும் எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த பார் இப்போ அந்தக் குடும்பத்துகிட்ட இல்லை. 2012ல இரும்புத்தாது சுரங்கங்களை நிறுத்தினதும் பார்ஜ் ஆட்கள் குறைஞ்சு பாதி மேஜை காலி. நான் 2015ல புனேவுக்கு மாறிட்டேன். நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள்ள மது விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல்ல. நகராட்சி எல்லைக்குள்ள அது பொருந்தாதுன்னு ஜூலையில விளக்கம் வர்ற வரைக்கும் கதவு சாத்தியே கிடந்ததுன்னு ஆன்ட்டி போன்ல அழுதாங்க. நெடுஞ்சாலையில குடிச்சுட்டு லாரி ஓட்டறவனைத் தடுக்க வேண்டியதுதான். அதுக்காக நடந்து வந்து நடந்தே வீட்டுக்குப் போறவங்களோட கடையையும் சேர்த்துச் சாத்தினது எனக்கு நியாயமாப் படலை.

ஆனாலும் கடையை நிறுத்தினது கோர்ட் இல்லை, பிள்ளைங்கதான். போர்ச்சுகல் ஆட்சியில பிறந்த தாத்தாவைக் காட்டி பாஸ்போர்ட் வாங்கி, பல கோவாக்காரங்க மாதிரி பையன் இங்கிலாந்துல ஸ்விண்டனுக்குப் போயிட்டான். பொண்ணு அப்பவே சொல்லிட்டா, 'ஸ்கூல்ல பார்க்காரி மகள்னு கூப்பிட்டது போதும், நான் கவுன்டர்ல நிக்க மாட்டேன்'னு. நாம வெளியூர்லேர்ந்து வந்து உட்கார்ந்து ரசிச்சுட்டுப் போறோம். ராத்திரி பத்து மணிக்கு வாந்தியைக் கழுவினது ஆன்ட்டி, எண்ணெய் தெறிச்ச தழும்போட நிக்கிறது அந்த நாத்தனார். பிள்ளைங்க ஓடினதுல தப்பே சொல்ல மாட்டேன். அப்பாவோட மளிகைக்கடையை விட்டுட்டு வண்டியேறின நம்மள்ல எத்தனை பேருக்கு அதைச் சொல்ல வாய் வரும்?

இப்போ லீசுக்கு எடுத்தவர் சம்பளத்துக்கு ஆள் வச்சு நடத்தறார். மத்தியானமும் திறந்திருக்கு. பில் மெஷின் இருக்கு, கடன் நோட்டு இல்லை. 2023ல குடும்பத்தோட போயிருந்தோம். என் வீட்டுக்காரி அந்த அயிலை மசாலாவுக்கு அளவு கேட்டு எழுதிக்கிட்டா. பாட்டில் வினிகர் ஊத்தினா உருப்படாது, கள்ளு வினிகர்தான் வேணும்னு சொல்லி, நாத்தனார் ஒரு பழைய ரம் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தாங்க. புனே வர்ற வரைக்கும் பஸ்ல அதை மடியில வச்சிருந்தது நான்தான், எதிர் சீட்டு மாமி ஊர் வர்ற வரைக்கும் முறைச்சுக்கிட்டே வந்தாங்க.