875 பவுணும் ஒரு ஏ 40 காரும்

போன மாதம் லண்டனில இருக்கிற பெரியப்பாவின்ர மகன் எங்கட குடும்ப வட்சப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். தங்க நாணயம் ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் அஸ்ரன் மார்ட்டின் டிபி 5 கார். கூடவே ஒரு குரல் பதிவு. "அப்பப்பாவின்ர கார் சும்மா நிண்டு கறள் பிடிக்குது. அதை வித்துப்போட்டு, வாற காசில இப்பிடி ஒண்டு வாங்கி வைப்பம். கார் ஞாபகமும் இருக்கும், தங்கமும் இருக்கும்."

அண்ணா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே நிற்கிற ஒஸ்ரின் ஏ 40 கடைசியாக ஓடி ஆறு வருடமாகிறது. கொழும்பில் இருந்து இரண்டு பேர் வந்து விலையும் கேட்டுவிட்டார்கள். ஆனாலும் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஏன் என்று குழுவில் பதில் எழுத வெளிக்கிட்டேன். அது நீண்டுபோனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாணயம். பிரித்தானியாவின் ரோயல் மின்ற் 2020 இல் ஜேம்ஸ் பொண்ட் படங்களுக்காக ஒரு நாணய வரிசையை வெளியிட்டது. முதல் வடிவத்தில் இருப்பது, 1964 இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் பொண்ட் ஓட்டிய டிபி 5. வரிசையிலேயே பெரியது 7 கிலோ தங்கம். அப்படி ஒன்றே ஒன்றுதான் அடித்தார்கள். எட்டுக் கிராம் ஒரு பவுண் என்று எங்கட கணக்கில் பார்த்தால் 875 பவுண்! நாங்கள் நகை நிறுக்கிற இந்தப் 'பவுண்' என்ற சொல்லே அந்த நாட்டின் தங்கக்காசில் இருந்து வந்ததுதான்.

அந்த நாணயத்தில் பொறித்திருக்கிற முகப்பெறுமதி 7,000 ஸ்ரேர்லிங் பவுண். ஆனால் அதில் உள்ள தங்கம் மட்டுமே அந்த நேரத்து விலைக்கு இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். அதாவது, அது கடையில் குடுத்துச் சாமான் வாங்குகிற காசு இல்லை. சின்ன நாணயங்களிலும் இதே கதைதான். வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேலே வடிவமைப்புக்கு, பெட்டிக்கு, சான்றிதழுக்கு, 'இத்தனைதான் அடிச்சம்' என்ற எண்ணிக்கைக்கு எல்லாம் காசு குடுக்கிறோம். விற்கும்போது அதை விரும்புகிற சேகரிப்பாளர் ஒருவர் அகப்பட்டால் நல்லது. அகப்படாவிட்டால்? கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனால் தராசில் வைப்பார்கள், மாற்றுப் பார்ப்பார்கள். அதில் கார் இருக்கிறதா, குதிரை இருக்கிறதா என்று ஏன் பார்க்கப்போகிறார்கள்? படத்துக்கு நிறை இல்லை.

சரி, அண்ணா இலாபத்துக்கு மட்டும் கேட்கவில்லை, ஞாபகத்துக்கும் என்றுதான் சொன்னார். எனக்குப் பிரச்சினையே அங்கேதான். அது யாருடைய ஞாபகம்?

டிபி 5 செய்யப்பட்டது 1963 இல் இருந்து 1965 வரை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கார்தான். அதைத் தொட்டுப் பார்த்தவர்களை விடப் படத்தில் பார்த்தவர்கள்தான் பல மடங்கு. அதே நாட்டில், பேர்மிங்காமின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில், 1947 இல் இருந்து செய்யப்பட்டது ஏ 40. 1200 சிசி எஞ்சின். போருக்குப் பிறகு அந்நியச் செலாவணிக்காகப் பிரித்தானியா உலகம் முழுக்க ஏற்றி அனுப்பிய கார் அது. அப்படித்தான் இங்கேயும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அது வாடகைக் கார், கலியாணக் கார், ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற கார்.

1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. அப்போது அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு. அதனால்தான் அந்த மட்டமான எரிபொருளையும் தாங்கின. இப்போதைய கார் ஒன்றுக்கு அதை ஊற்றினால் தட்டித் தட்டியே செத்துப்போகும். லோங்பிரிட்ஜில் யாரும் இதற்கென்று அந்த எஞ்சினைச் செய்யவில்லை. இது எங்கட ஆக்கள் கண்டுபிடிச்ச வழி.

எங்கட அப்பப்பா அந்த வாடகைக் காரர்களில் ஒருவர். ஒருமுறை எஞ்சினை இறக்கிச் செய்ய வேண்டி வந்தபோது, அப்பம்மாவின் இரண்டு சோடிக் காப்பு ஈட்டுக்குப் போனது. அது திரும்பி வரவேயில்லை. 1995 இடப்பெயர்வில், அக்கம்பக்கத்து வயசான ஆக்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிப் பக்கம் போனது அந்தக் கார்தான். சனத்துக்குள்ளே ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனதாம்.

அண்ணா, நீங்கள் கார் வித்துத் தங்கம் வாங்குவம் எண்டுறீங்கள். எங்கட வீட்டில தங்கம் ஏற்கெனவே அந்தக் காருக்குள்ளதான் இருக்கு.

இதை எழுத முதல் அப்பம்மாவிடம் கேட்டேன். "காப்பு போனதுக்கு நான் ஒருநாளும் கவலைப்படேல்லை. கார் நிண்டுபோனதுதான் கவலை. ஆரெண்டாலும் ஓட்டினால் காணும்" என்றா.

இந்தப் பதில் என்னையும் கொஞ்சம் அசைத்துவிட்டது. ஏனென்றால் நானும் காரை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு 'பாரம்பரியம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறவன்தான். கறள் பிடிக்கிற காரும் பெட்டிக்குள் இருக்கிற நாணயமும் ஒன்றுதான், இரண்டும் ஓடாது. அதனால் விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருத்தி ஓட்டப்போகிற ஒருவர் வந்தால் குடுக்கலாம். ஆனால் அதற்கு முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அந்தக் காரைப் பார்த்த மெக்கானிக் ஐயாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். பிஸ்ரன் றிங் கிடைக்காத காலத்தில் வேறு வாகனத்தின் றிங்கை அராவிப் போட்டவர். எந்தச் சத்தம் வந்தால் எதைத் திறக்கவேண்டும் என்பது அவருக்குக் காதால் தெரியும். அதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாற சனிக்கிழமையில் இருந்து அவரைக் காருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, அவர் சொல்லச் சொல்ல நானும் தம்பியும் திறந்து பார்க்கப்போகிறோம். தொலைபேசியில் பதிவும் செய்வோம். அண்ணாவிடம் நாணயத்துக்கு வைத்திருக்கிற காசில் கொஞ்சத்தைப் பற்றரிக்கும் ரயருக்கும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு ஏ 40 நிற்கும், ஒரு மொறிஸ் மைனர் நிற்கும். அதைத் திருத்தின ஆள் இருக்கிறாரா என்று இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள்.