சக்கரம் பெருத்தால் போதுமா?

திருமழபாடியில் கொள்ளிடத்து மணலில் ஒரு ஜீப் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் டயரின் விட்டம் 70 செ.மீ. அதைக் கழற்றிவிட்டு 84 செ.மீ. டயரை மாட்டினால் அச்சு 7 செ.மீ. உயரும், கல்லும் கட்டையும் அடியில் இடிக்கா. மணலில் பதியும் பரப்பும் கூடும். இத்துடன் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். அது அரைகுறைக் கணக்கு என்பதே என் கருத்து.

சக்கரமும் ஒருவகை நெம்புகோல்தான். ஆரம் 1.2 மடங்கானால், அதே திருப்புவிசைக்குத் தரையில் கிடைக்கும் தள்ளுவிசை ஆறில் ஒரு பங்கு குறையும். மணலில் எஞ்சின் திணறும், கிளட்ச் தேயும். அதுமட்டுமா? வேகமானி 50 கி.மீ. எனக் காட்டும்போது, வண்டி உண்மையில் 60 கி.மீ. வேகத்தில் ஓடும்!

இழுவையை மீட்க வழி உண்டு. அச்சின் நடுவே பினியன் என்ற சிறிய பல்சக்கரமும், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் உள்ளன. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.1. புதிய டயருக்கு வேண்டியது 4.1 × 84 ÷ 70 = 4.92. எட்டுப் பல் பினியனும் 39 பல் கிரவுனும் 4.88 தரும், இது போதும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் விகிதமும் இதுவே. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன், பின் அச்சுகள் இரண்டிலும் ஒரே விகிதம் வேண்டும். இல்லையேல் அவை ஒன்றையொன்று எதிர்த்துப் பற்கள் முறியும்.

ஆனால் பிரேக்? அது சக்கரத்தோடு இருப்பது. பினியனை மாற்றினாலும் அதற்குப் பயனில்லை. அதே மிதிக்கு, நிறுத்தும் விசை ஆறில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். உயர்ந்த வண்டி வளைவில் கவிழும் அபாயமும் கூடும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை வெறும் கெடுபிடி என்று சொல்வோர், பிரேக்கின் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஓர் உறுப்பை மாற்றுமுன், அதனோடு பிணைந்த எல்லா உறுப்புகளையும் கணக்கில் கொள்வதே பொறியியல். இன்றே உங்கள் மிதிவண்டியின் முன், பின் பல்சக்கரங்களின் பற்களை எண்ணுங்கள். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும்? கணக்கிட்டு, பிறகு தரையில் அளந்து சரிபாருங்கள்.