கடன் அட்டை நிலுவையும் இடையாள் நிறுவனங்களும்: ஒரு மறுப்பு

கடன் அட்டை நிலுவையைக் கட்ட முடியாத நிலைக்கு வந்தவர் வங்கியிடம் தாமே பேசிப் பயனில்லை என்பதும், கடன் தீர்வு நிறுவனம் ஒன்றை அமர்த்தினால்தான் நிலுவையில் பாதியாவது தள்ளுபடியாகும் என்பதும் இந்திய நகரங்களில் பரவலாக நம்பப்படுகின்றன. தீர்வு என்று இங்கே குறிக்கப்படுவது, பேச்சு வழக்கில் செட்டில்மென்ட் எனப்படுவது. அதாவது, முழு நிலுவைக்குப் பதில் அதன் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு எஞ்சியதை வங்கி விட்டுக்கொடுக்கும் உடன்பாடு. கடன் தீர்வு நிறுவனம் வங்கியும் அன்று, வங்கியின் முகவரும் அன்று. கடனாளியிடம் கட்டணம் பெற்று அவர் சார்பில் பேசும் இடையாள் மட்டுமே. மேற்கண்ட நம்பிக்கைக்கு ஆதரவாக நான்கு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தால் அவற்றுள் எதுவும் முழுமையாக நிற்கவில்லை என்பது தெளிவாகும்.

முதல் வாதம், தனிமனிதருக்கு இல்லாத பேரவலிமை, அதாவது பேரம் பேசும் வலிமை, நிறுவனத்துக்கு உண்டு என்பது. இதைச் சோதிக்க, வங்கி ஏன் தொகையைக் குறைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பட்டியலில் குறிப்பிட்ட குறைந்தபட்சத் தொகை, உரிய நாளிலிருந்து 90 நாள்களுக்குள் முழுமையாகச் செலுத்தப்படாவிட்டால் அக்கணக்கு வாராக்கடன் ஆகிறது. வாராக்கடனுக்கு ஈடாக வங்கி தன் இலாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டியிருப்பதாலும், கடன் அட்டைக்கு நகையோ வீடோ அடமானமாக இல்லாததாலும், வழக்குத் தொடுத்தால் செலவும் காலமும் கூடுவதாலும், இன்று உறுதியாகக் கிடைக்கும் சிறு தொகையை நாளை கிடைக்குமோ என்ற பெருந்தொகையைவிட வங்கி மேலாகக் கருதுகிறது. 2023 ஜூன் 8 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சமரசத் தீர்வுக்கான நெறிமுறைகளின்படி, எவ்வளவு பழைய கடனுக்கு, எந்த நிபந்தனைகளில், எந்த அளவுவரை விட்டுக்கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஏற்ற கொள்கையில் வரையறுத்திருக்க வேண்டும். ஆக, குறைப்பின் அளவைத் தீர்மானிப்பவை கடனின் வயதும், கடனாளியின் வருவாய் நிலையும், அவர் உடனடியாகத் தரக்கூடிய மொத்தத் தொகையுமே. கேட்பவர் கடனாளியா இடையாளா என்பது இந்தக் கணக்கில் முதன்மையான காரணி ஆவதில்லை.

இரண்டாம் வாதம், நிறுவனம் வாங்கும் கட்டணம் அது மிச்சப்படுத்தும் தொகைக்கு முன் அற்பமானது என்பது. இதில் ஓர் ஒப்பீட்டுப் பிழை மறைந்துள்ளது. நிறுவனத்தின் வழி வரும் தீர்வை முழு நிலுவையோடு ஒப்பிடுவது பொருந்தாது; கடனாளி தாமே பேசிப் பெறக்கூடிய தீர்வோடுதான் அதை ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 2,00,000 ரூபாய் நிலுவையை 1,20,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்ள வங்கி இசைகிறது என்றும், நிறுவனத்தின் கட்டணம் மொத்த நிலுவையில் 15 விழுக்காடு என்றும் கொள்வோம். கட்டணம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 5,400 ரூபாய். கடனாளியின் கையிலிருந்து போவது 1,20,000 ரூபாய் அன்று, 1,55,400 ரூபாய். இந்த 35,400 ரூபாயை ஈடுகட்ட வேண்டுமானால், கடனாளிக்கு 1,20,000 ரூபாய்க்கு இசையும் அதே வங்கி நிறுவனத்துக்கு 84,600 ரூபாய்க்கு இசைய வேண்டும். மேற்சொன்ன கொள்கை வரம்புகளை எண்ணும்போது அப்படி நேரும் என்று நம்பக் காரணமில்லை. மேலும், பேச்சு தோற்றாலும் முன்பணமாகக் கொடுத்த கட்டணம் திரும்பும் என்ற உறுதி இல்லை. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், தொலைபேசி வழியே இச்சேவையை விற்கும் நிறுவனங்கள் ஒரு கடனையேனும் தீர்த்து முடிப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என 2010இல் விதித்ததற்கு, முன்பணம் வாங்கியபின் வேலை நடக்காத நிகழ்வுகளே காரணம்.

மூன்றாம் வாதம், வசூல் முகவர்களின் தொல்லையிலிருந்து நிறுவனமே காக்கும் என்பது. கடனாளிகளின் அச்சம் உண்மையானது என்பதால் இவ்வாதமே மிகுதியும் எடுபடுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் கொடை அன்று. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் நிலுவை கேட்டு அழைக்கக் கூடாது, மிரட்டவோ உறவினர் நண்பர்களிடம் சொல்லி இழிவுபடுத்தவோ கூடாது, முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்பன 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதிகள். இவை எல்லாக் கடனாளிகளுக்கும் பொருந்தும். விதி மீறப்பட்டால் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது வங்கியின் வணிக முடிவு என்பதால் குறைதீர்ப்பாளர் அதில் தலையிடுவதில்லை. தொல்லையைப் பற்றிய முறையீடு அவர் வரம்புக்குட்பட்டது. மறுபுறம், நிறுவனம் அமர்த்தப்பட்டுவிட்டதால் வங்கி கடனாளியை அழைக்கக் கூடாது என்ற கட்டாயம் ஏதுமில்லை.

நான்காம் வாதம், தவணைகளை நிறுத்திவிட்டு அத்தொகையைச் சேர்த்து வந்தால் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம், கடன் வரலாற்றையும் நிறுவனமே சரிசெய்யும் என்பது. மாதம் 3.5 விழுக்காடு வட்டியில் 2,00,000 ரூபாய் நிலுவை ஆறே மாதத்தில் ஏறத்தாழ 2,45,850 ரூபாயாகிறது. தாமதக் கட்டணமும் வரியும் இதில் சேரவில்லை. அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால், அதிலுள்ள பணத்தை நிலுவைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் உரிமையை அட்டை ஒப்பந்தங்கள் பலவும் வங்கிக்கு அளிக்கின்றன. கடன் வரலாறு என்பது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வங்கிகளிடமிருந்து தகவல் பெற்றுப் பேணும் பதிவு. குறைத்துத் தீர்த்த கணக்கு அதில் முழுமையாக முடிக்கப்பட்டது என்று பதியப்படாமல், தீர்வு செய்யப்பட்டது என்றே பதியப்படுகிறது. உண்மையான பதிவை அழிக்கும் அதிகாரம் எந்த இடையாளுக்கும் இல்லை. பிழையான பதிவைத் திருத்தக் கடனாளியே கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். தள்ளுபடிச் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வசூலிக்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்ததையும் இங்கே கருதலாம்.

இவ்வாதங்களுக்கு அடியில் பேசப்படாத ஒரு நல முரண் உள்ளது. நிலுவையை மாதத் தவணைகளாக மாற்றிக்கொள்வது, குறைந்த வட்டியில் தனிநபர் கடன் பெற்று அட்டையை முழுமையாக அடைப்பது ஆகிய வழிகள் கணக்கு வாராக்கடன் ஆகும் முன் பலருக்குத் திறந்திருக்கின்றன. அவை கடன் வரலாற்றையும் கெடுப்பதில்லை. தீர்வுச் சேவையை விற்றே வருவாய் பெறும் நிறுவனத்துக்கு, தீர்வே தேவையில்லாத இவ்வழிகளைப் பரிந்துரைக்கத் தூண்டுதல் இல்லை.

எல்லாக் கடனாளிகளும் எல்லா நிலையிலும் தனித்தே செயல்பட வேண்டும் என்பது இம்மறுப்பின் பொருள் அன்று. நீதிமன்ற அழைப்பாணை வந்திருந்தாலும், கொடுத்த காசோலை திரும்பி செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தாலும், வழக்குத் தொடுப்பதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் தறுவாயில் இருந்தாலும் துறையறிவு தேவை. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஒரு கடிதமே அக்காலவரம்பைப் புதிதாகத் தொடங்கிவைக்கக்கூடும். ஆனால் அத்தகைய தேவைக்கு உரியவர் வழக்கறிஞர். மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியே அவ்வுதவி இலவசமாகக் கிடைக்கிறது. அதே ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே வங்கியோடு கட்டணமின்றிச் சமரசம் செய்துகொள்ளலாம். அங்கு பிறக்கும் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது, மேல்முறையீட்டுக்கு உட்படாதது.

தாமே பேச முனைபவர் செய்ய வேண்டியவை சிலவே. வருவாய் குறைந்ததற்கான சான்றுகளையும், தர இயலும் தொகையையும், தரும் நாளையும் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத வேண்டும். உண்மையில் திரட்டக்கூடியதைவிடச் சற்றுக் குறைத்தே தொடங்க வேண்டும். தொலைபேசியில் முகவர் தரும் வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கட்டாமல், கணக்கு எண், தொகை, கெடு, எஞ்சிய நிலுவை தள்ளுபடியாகும் என்ற வாசகம் ஆகியவை அடங்கிய கடிதத்தை வங்கியிடமிருந்தே பெற வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு அன்றி அட்டைக் கணக்கிலேயே செலுத்தி, பின்னர் நிலுவையின்மைச் சான்றையும் பெற வேண்டும். இவற்றுள் எதுவும் சராசரிக் கல்வியுடைய ஒருவரால் இயலாததன்று.

குறைப்பைப் பெற்றுத் தருவனவற்றுள் கடனாளியின் பிடியில் இருப்பது அவர் திரட்டி வைத்திருக்கும் தொகை ஒன்றே. நிறுவனத்துக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் அத்தொகையிலிருந்தே குறைகிறது. ஆகவே, கடனாளியின் பேரவலிமையைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் சேவை நடைமுறையில் அதைக் குறைத்துவிடுகிறது.